நித்யா மேரியின் கனம்

நித்யா மேரியின் உடம்பிலிருந்து குறைந்த எடை முழுவதும் அவள் கணவன் செய்துகொண்டிருந்த குட்டி விமானத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, திருப்பாதிரிப்புலியூர் வெங்காய மண்டித் தராசில் இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துபோயிற்று. பதினோரு நாளில் அவள் ஐந்து கிலோ நூற்றெழுபது கிராம் இறங்கியிருந்தாள். விமானம் அதே ஐந்து கிலோ நூற்றெழுபது கிராம் ஏறியிருந்தது. மண்டிக்காரர் தராசுத் தட்டைத் துண்டால் துடைத்துவிட்டு இரண்டு பேரையும், அதாவது ஒரு பெண்ணையும் ஒரு விமானத்தையும், இன்னொரு முறை நிறுத்துக் காட்டினார். அன்றைக்குச் சின்ன வெங்காயம் வரத்து குறைவு, பெரிய வெங்காயம் தாராளமாக வந்திருந்தது.

அவள் கணவன் சகாய ஆனந்த், செம்மண்டலத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். கருகிப்போன மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டார் எது வந்தாலும் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓடவைத்து அனுப்புவான். மிச்ச நேரமெல்லாம் விமானம்தான். ரிமோட்டில் பறக்கிற, வானத்தில் பல்டி அடிக்கிற, தலைகீழாகவும் போகிற சாதி. நாலடிச் சிறகு, தக்கை மாதிரி லேசான பால்சா மரத்தில் விலாவிலாவாக வெட்டி ஒட்டியது. ரிமோட்டைக் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவன் அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஜாபிர். அவன் இப்போது சிதம்பரத்தில் பேரீச்சம்பழமும் அத்தரும் விற்கிறான். மோட்டாருக்கு மட்டும் ஆனந்த் தன் கையாலேயே காயில் கட்டிக்கொண்டான். இந்த மாதிரி விமானத்துக்கு இரண்டே இரண்டு விஷயம்தான் உயிர். கனம் கூடக்கூடாது. சிறகுக்கடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினால் மூக்கும் சாயக்கூடாது, வாலும் சாயக்கூடாது. ஆயிரத்து நூற்றைம்பது கிராமுக்குள் முடிக்கவேண்டும் என்று இரண்டு வருஷமாக ஒட்டினான், பிரித்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். சோறு தின்னும்போதும் நாலு கிராம், ஆறு கிராம் என்று முனகினான். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிற நித்யா மேரி, மஞ்சள் பிளாஸ்டிக் தாளைச் சிறகின்மேல் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொடுத்தாள். தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர்கள் பெண்டாட்டி பெயரைப் படகில் எழுதுகிற மாதிரி இவனும் சிறகில் நித்யா மேரி என்று சிவப்பில் எழுதினான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். அன்றைக்கு விடியற்காலைப் பூசையில் பங்குச் சாமியார் வேண்டுதல் சீட்டுகளை வாசிப்பார், பிறகு கோயில் வாசலில் நிற்கிற வண்டிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஆடி மாதம் வந்த டைபாய்டில் நித்யா மேரி இளைத்து ஐம்பத்தொரு கிலோ முந்நூறு கிராமுக்கு வந்திருந்தாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "இன்னாம்மா இப்படி எளைச்சிக்கினு போற" என்று கேட்டுக் கேட்டு ஆனந்துக்கு நெஞ்சு கசந்துபோயிருந்தது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டான்: நித்யா மேரிக்கு எடை கூட வேண்டும். அவளோ, புருஷன் தூக்கத்தில்கூட கிராம் கணக்கு சொல்வதைப் பார்த்து மனசு கேளாமல், அவனுக்குத் தெரியாமல் ஒன்று எழுதிப் போட்டாள்: நித்யா மேரி எடை குறைந்து நல்லபடியாக மேலே எழும்ப வேண்டும். காலை ஆறரை மணிக்குச் சாமியார் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தார், சனங்கள் இரண்டுக்கும் ஆமென் சொன்னார்கள். பிறகு நாலு ஆட்டோ, ஒரு புல்லட், ஒரு ஜேசிபி இவற்றோடு வரிசையில் வைத்திருந்த மஞ்சள் விமானத்தின்மேலும் தீர்த்தம் விழுந்தது.

மறுநாளே விமானம் நானூற்று எழுபது கிராம் கூடியிருந்தது. தீர்த்தம் மரத்தில் ஊறிவிட்டது என்று நினைத்து ஆனந்த் அதை வெயிலில் காயவைத்தான். அதற்கு மறுநாள் இன்னொரு நானூற்று எழுபது. தராசைச் சந்தேகப்பட்டான், பசையைச் சந்தேகப்பட்டான், பால்சா விற்றவனைக்கூடத் திட்டினான். விமானத்தின் அளவு மாறவில்லை, விரல் நுனியில் வைத்தால் ஒரு நூல்கூடச் சாயவில்லை, கனம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிறகுதான் நித்யா மேரி கிணற்றில் வாளியை விட்டு இழுத்தபோது ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் குதிகால்கள் தரையை விட்டுக் கிளம்பின. மண்டித் தராசுக்குப் போனது அன்று சாயங்காலம்.

எழுதிப்போட்ட சீட்டை அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவன் சாமியார் வீட்டுக்கு ஓடினான்.

"சாமி, நீங்க படிச்ச ரெண்டு சீட்டும் ஆள் மாறிப் போயிடுச்சி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "எழுதினத தானே படிச்சேன் ஆனந்து. ரெண்டுலயும் நித்யா மேரின்னு தான் இருந்திச்சி. எது பொண்ணு, எது பிளேனுன்னு மேல இருக்கிறவுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பேர சொரண்டிப் போட்டுடறேன் சாமி."

"தீர்த்தம் பட்ட பேரு சொரண்டினா போவாது. வேற சீட்டு வேணா எழுதிப் போடு. ஆனா குடுத்தத மாதா திருப்பி வாங்கிக்கினு நான் பாத்ததில்ல."

ஆனந்த் பதினான்கு சீட்டு எழுதினான். பெண்டாட்டிக்கு வீட்டு எண்ணும் ஆதார் எண்ணும் போட்டான், விமானத்துக்கு நாலடி, மஞ்சள் நிறம் என்று அடையாளம் எழுதினான். ஒரு கிராம்கூட வித்தியாசம் தெரியவில்லை. அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். காயில் கட்டுகிறவனுக்குக் கணக்கு தப்பாது. நாளுக்கு நானூற்று எழுபது வீதம் போனால் டிசம்பர் இருபத்தாறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. அதற்கப்புறம் அவளை எது கீழே பிடித்துவைக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடையில் ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். பார்வைக்கும் அவள் இளைக்கவில்லை. தையல்காரியானதால் தன்னைத் தானே டேப் வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள், ரவிக்கை அளவு அப்படியே இருந்தது. டாக்டர் தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னார். ஐப்பசி மழையோடு கடல்காற்று எழும்பியபோது அவள் முப்பது கிலோவுக்கும் கீழே போய்விட்டாள். ஜன்னலைத் திறந்தால் காற்று அவளைப் பீரோ வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிற்று. மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை அவளே புடவை ஓரத்தில் வரிசையாக வைத்துத் தைத்துப் பார்த்தாள். "ஈயம் பொடவைய தான் புடிக்குதுங்க, என்னைப் புடிக்கல" என்றாள். தெருவாசிகள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். அவள் கடைக்குப் போகிற நேரத்தில் மாடியில் துணி காயப்போட்டவர்கள் "காத்து ஜாஸ்தி, செவுத்தோரமா போம்மா" என்று குரல் கொடுத்தார்கள்.

நவம்பரில் ஒருநாள் ஆனந்துக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆயிற்று. கனத்தைக் குறைக்க விமானக்காரர்கள் விலாக்களில் ஓட்டை போடுவது வழக்கம். அவனும் டிரில்லை எடுத்து இடது சிறகின் மூன்றாவது விலாவில் இறக்கினான். அடுப்பங்கரையில் நித்யா மேரி "அம்மா!" என்று அலறினாள். போய்ப் பார்த்தால் இடது பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறாள். டிரில்லைத் தெருவில் வீசிவிட்டு, வெட்டியெடுத்த மரவட்டத்தைத் தேடிப் பொறுக்கி, பசை போட்டு அதே இடத்தில் பதித்தான். இரண்டு முறை தப்பி மூன்றாவது முறைதான் பொருந்தியது.

ஒரு வழியைச் சொன்னது நித்யா மேரிதான். "மேல எழும்பணும்னு நான் எழுதினது அதுக்கு தானே. அது ஒரு வாட்டி எழும்பிட்டா, சொன்னத செஞ்சாச்சின்னு மாதா என்னை வுட்டுடுவாங்க இல்ல?" ஐம்பது கிலோ இரும்பைப் பட்டம் விடுகிற வேலை அது என்று ஆனந்துக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு மிச்சமிருந்தது இரண்டு கிலோ நானூற்று இருபது கிராம், கிறிஸ்துமஸுக்கு நாலே நாள். வேறு எதுவும் கையில் இல்லாததால் இதைப் பிடித்துக்கொண்டான்.

டிசம்பர் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. கிள்ளை சாலையில் சிதம்பரம் தாண்டி ஒரு உப்புத் தரிசு இருக்கிறது. ஜாபிர் தன் ஆம்னி வேனில் புருஷன், பெண்டாட்டி, விமானம் என்று மூன்று பேரையும் கொண்டுபோய் இறக்கினான். நித்யா மேரியை வேன் கதவுப் பிடியில் புடவைத் துணியால் கட்டி வைத்தார்கள். ஆண்கள் இருவரும் கயிறு போட்டு, பல்லைக் கடித்து, விமானத்தைக் கீழே இறக்கினார்கள். ஜாபிர் பிஸ்மில்லா சொன்னான், ஆனந்த் சிலுவை போட்டான், ரிமோட்டைத் தள்ளினான். மோட்டார் கதறியது, பின்னால் இருந்த புல்லெல்லாம் படுத்தது, விமானம் ஒரு அங்குலம் நகரவில்லை. அவன் இன்னும் தள்ளினான். கருகல் நாற்றம் வந்தது. ஊர் பூராவும் எரிந்துபோன காயிலைக் கட்டிக் கொடுக்கிறவன், தன் கையால் சுற்றிய காயில் கண்ணெதிரே புகைவதைப் பார்த்தான். ரிமோட்டைப் போட்டுவிட்டு உப்பு மண்ணில் உட்கார்ந்து குரலெடுத்து அழுதான். "என்னால முடியல நித்யா. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவன் அழுவதைப் பார்த்துத் தாங்காமல் அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பாதி தூரம் வருவதற்குள் பிச்சாவரத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அவளைத் தரையிலிருந்து கிளப்பியது. ஆனந்த் எழுந்து ஓடினான், கைக்கு எட்டவில்லை. அவள் கைக்கு எட்டியது விமானத்தின் சிறகு மட்டும்தான். இவ்வளவு கனம் இருக்கிறதே, நம்மை நிறுத்தி வைக்கும் என்று நினைத்துத்தான் அதைப் பிடித்தாள். விமானம் அவள் கையோடு எழும்பி வந்தது. இரண்டு ஆம்பிளைகள் கயிறு போட்டு இறக்கியதை அவள் ஒற்றைக் கையில் தூக்கினாள், அவள் பாதங்கள் இரண்டும் உப்பு மண்ணில் பதிந்தன. யாருக்கும் தன் உடம்பின் கனம் தனக்குச் சுமையாகத் தெரிவதில்லை. அவ்வளவுதான் விஷயம். நூற்று நாலு நாளாக அதை அவள் கையில் கொடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"யா அல்லா. மச்சான், நமக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சேடா" என்றான் ஜாபிர்.

அவள் விமானத்தை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். உடனே அந்தப் பக்கமாகச் சாய்ந்தாள். ஆனந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். விமான வயிற்றில் பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளினான், அவள் கொஞ்சம் நிமிர்ந்தாள். இன்னும் அரை விரற்கடை தள்ளியதும் நேராக நின்றாள். காற்று அவள் முந்தானையை மட்டும் அசைத்தது.

"இப்ப எப்படி இருக்குது?"

"வெயிட்டா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நித்யா மேரி அழுதாள்.

அதற்காக இறங்குகிற எடை நிற்கவில்லை. நானூற்று எழுபது, நானூற்று எழுபது என்று போய்க்கொண்டேதான் இருந்தது. அவள் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு தைத்தாள், பக்கத்தில் அணைத்துக்கொண்டு தூங்கினாள், அதோடுதான் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனாள். இரண்டு கிலோ மிஞ்சியிருக்கிறவளுக்குச் சரி, ஒன்றுமே மிஞ்சாதவளுக்கும் இது போதுமா என்று ஆனந்துக்குச் சொல்ல யாரும் இல்லை.

இருபத்தாறாம் தேதி சிதம்பரத்தில் ஆனந்தின் தங்கச்சி சகாய பிரியா வீட்டில் சாப்பாடு. ஒவ்வொரு வருஷமும் போகிறது, இந்த வருஷம் மட்டும் போகாமல் இருக்கமுடியாது என்று நித்யா மேரி சொல்லிவிட்டாள். தனியார் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஆனந்த் வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தான். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது. பத்து மணி நாலு நிமிடம். சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், நிற்கிறவர்களின் பையையும் பிள்ளையையும் வாங்கி வைத்துக்கொள்வது அந்த ரூட்டில் எல்லாரும் செய்கிறதுதான், இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடும்மா, நான் மடில வெச்சிக்கிறேன். எவ்ளோ நேரம் இடுப்புல வெச்சிக்கினு நிப்ப."

காலமெல்லாம் பஸ்ஸில் போய்ப் பழகியவள் நித்யா மேரி. யோசிக்காமல் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள். சிறகுக்கடியில் அந்த அம்மாளின் கைகள் போனதுதான் தாமதம், நித்யா மேரியின் குதிகால்கள் செருப்பிலிருந்து கிளம்பின. "நித்யா!" என்று ஆனந்த் போட்ட சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் விமானத்தை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குதிகால்கள் செருப்பில் வந்து உட்கார்ந்தன. ஆனந்தின் வாட்சில் பத்து ஐந்தானது, பத்து ஆறானது. அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வேணாங்கா" என்றாள் மூச்சிரைக்க. "இது நான்தாங்கா."

அந்த அம்மாள் விமானத்தைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டு, "அப்ப வா, ரெண்டு பேரும் உக்காருங்க" என்று பாதி சீட்டைக் காலி செய்து கொடுத்தாள். நித்யா மேரி உட்கார்ந்தபோது சீட்டின் ஸ்பிரிங் நன்றாக அழுந்தியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த கண்டக்டர் மஞ்சள் சிறகைத் தட்டி, இதற்கு லக்கேஜ் போடவேண்டும் என்றார்.

"லக்கேஜ் இல்லீங்க" என்றாள் ஜன்னலோரத்து அம்மாள். "அது அவுங்க தான்."

கண்டக்டர் ஆனந்தைப் பார்த்தார். ஆனந்த் தலையாட்டினான். "அப்ப சிதம்பரம் ரெண்டு" என்று சொல்லி டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அவர் பின்பக்கம் போனார்.