ஆயிரம் மாற்றங்களில் ஒன்று

கணினி இயங்குதளத்தின் கருவான கேர்னலைப் புதுப்பித்த நாள் முதல் றினோஸாவின் வட்டுப் படிமங்கள் திறக்க மறுத்தன. ஒரு வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கி, மெய்யான வட்டைப் போலவே இணைத்துப் படிக்கும் ஏற்பாடு அது. பழைய கேர்னலில் அவை தடையின்றித் திறந்தன. ஆகவே குறை புதியதில்தான் என்று கேர்னலைப் பராமரிப்போருக்கு எழுதினாள். “உங்கள் கோப்புத்தான் பழுது” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. தன் சொல் மெய்யென்று நிறுவாமல் எழுவதில்லையென உட்கார்ந்தாள்.

பழையதற்கும் புதியதற்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் இருந்தன.

“ஆயிரத்தையும் பாத்து முடிக்கப் பெருநாள் வந்திடும், ராத்தா” என்றான், கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் தம்பி றிஷாட்.

“இல்லையடா. நடுவில ஒண்டைப் பாப்பன். அது நல்லமெண்டா பிழை பின்பாதியில. பிறகு அந்தப் பாதிக்கு நடு.”

“இதுக்கோ பட்டம் படிச்சனீங்கள்? வாய்க்கால்ல தண்ணி வராட்டி நாங்களும் நடுவிலதான் போய்ப் பாக்கிறம். அங்க தண்ணி நிண்டா அடைப்புக் கீழ!”

பத்தாவது பாதியில் குற்றவாளி அகப்பட்டது. அந்த ஒரேயொரு மாற்றத்தின் எண்ணை அனுப்பினாள். மறுநாள் மாலை மன்னிப்போடு திருத்தமும் வந்தது. அதன் அடியில், “குறையைக் கண்டறிந்தவர்: றினோஸா, மன்னார்” என்றிருந்தது.

கணினியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே ஓடினாள். றிஷாட் இருமுறை வாசித்தான்.

“வருசா வருசம் அடைப்புக் கண்டுபிடிக்கிறன். எந்த மதகில என்ர பேர் கிடக்கு?” என்றவாறே அவள் பெயரைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினான்.

“சேத்துக் கைய எடடா!” என்று கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பதிரச் சிரித்தாள் றினோஸா.