அதே தெரு, அதே கை

"கத்தியை இன்னைக்கும் நீங்களே பிடிங்க" என்றாள் அவள்.

மேஜை மேல் புதுப் போனின் பெட்டி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பரீட்சைக்கு வந்த பையனைப் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தது. மேலே விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில், கேமரா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மேஜையை மட்டும் பார்த்தது.

"ஏன், உன் கைக்கு என்ன? ஜனங்க வர்றதே உன் கையைப் பார்க்கத்தான். என் கை ஸ்பானர் மாதிரி இருக்கும்."

"இன்னொரு தடவை ஸ்பானரையும் பார்க்கட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே கத்தியை வாங்கி உறையைக் கீறினார். அவளுக்கு மூச்சு வந்தது. மூடியைத் தூக்குவதும் சார்ஜரை எடுத்து வைப்பதும் பெரிய விஷயமில்லை. உள்ளங்கையை மேஜையில் அழுத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கத்திதான் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் கணவரைப் பழைய ஆபீசில் எல்லோரும் டவர் என்றுதான் கூப்பிட்டார்கள். உயரம் ஒரு காரணம். செல்போன் டவர்களில் ஏறி இறங்குகிற வேலை இன்னொரு காரணம். பிறகு இரண்டு கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தன. தெருவுக்கு ஒரு டவர் அதிகமாகிவிட்டது. டவருக்கு ஓர் ஆள் அதிகமாகிவிட்டார். வேலை போய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மனுஷன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ஏன் சார் பேசும்போதே கட் ஆகிறது என்று கேட்டார். டவர் சுவரைவிட்டுத் திரும்பி, முகம் மலர்ந்து, டீ ஆறும்வரை விளக்கம் சொன்னார். "நாலு கோடு காட்டும், ஹலோன்னா கேட்காது. சில சொந்தக்காரங்க மாதிரி. உருவம் இருக்கும், உதவி இருக்காது!" பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் போன பிறகு அவள்தான் சொன்னாள், "இதையே வீடியோவாப் போடுங்களேன்."

அப்படி ஆரம்பித்ததுதான் இந்தச் சானல். ரீசார்ஜ் விலை ஏன் ஏறுகிறது, அலைவரிசை ஏலத்தில் யார் எதை எடுத்தார்கள், புதுப் போனில் எது நிஜம் எது ஜிகினா, எல்லாவற்றையும் அவர் பேசினார். இருவர் முகமும் வராது. குரல் அவருடையது, பெட்டியைப் பிரிக்கிற, போனைத் திருப்பிக் காட்டுகிற கை அவளுடையது. பார்க்கிறவர்கள் அவளுக்குக் கை அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கை அக்கா, மோதிரம் புதுசா?" "கை அக்காவுக்கு வணக்கம், டவர் சார் கொஞ்சம் சும்மா இருங்க." இதையெல்லாம் படித்துக் காட்டும்போது அவர் பொய்க்கோபம் காட்டுவார். அவள் அடுப்பைப் பார்த்தபடி சிரித்துக்கொள்வாள்.

சானலுக்கு ஒரு பெருமை உண்டு. எந்தப் போன் வந்தாலும் அவள் அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே வாசலிலிருந்து தெருமுனை மருந்துக்கடைவரை நடந்து திரும்புவாள். நடக்கும்போது படம் எவ்வளவு ஆடுகிறது என்று அதை வைத்துத்தான் தீர்ப்பு. "லேப் வேண்டாம், மிஷின் வேண்டாம். அதே தெரு, அதே கை!" என்று ஒவ்வொரு வீடியோவிலும் டவர் முழங்குவார்.

தெரு அதே தெருதான்.

கையில் அது எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு மத்தியானம், சும்மா மடியில் கிடந்த வலதுகையின் கட்டைவிரல், யாரோ கூப்பிட்ட மாதிரி அசைந்தது. போகட்டும் என்று இருந்தாள். அது போகவில்லை. மற்ற விரல்களையும் சேர்த்துக்கொண்டது. அவள் டம்ளரில் பாதி மட்டும் டீ ஊற்றப் பழகினாள். சர்க்கரையைக் குறைக்கத்தான் டீயைக் குறைக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊசியில் நூல் கோக்க அவரைக் கூப்பிட்டாள். பூட்டைத் திறக்க அவரை முன்னால் விட்டாள். நான் இல்லாமல் இவளுக்கு ஒன்றும் ஓடாது என்று மனுஷனுக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

இந்த சீசனில் வந்த முதல் போனில் படம் ஆடியது. இரண்டாவதிலும் ஆடியது. இன்று பிரித்தது மூன்றாவது. சாயங்காலம் அவள் நடந்து திரும்பிய படத்தைப் பெரிய திரையில் போட்டதும் டவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

"பார்த்தியா? மூணு கம்பெனி, மூணு போன், மூணும் ஆடுது! உள்ளே ஆட்டத்தைத் தாங்கற சாமான்ல கை வெச்சுட்டாங்க. விலையை ஏத்துவான், சாமானைக் குறைப்பான். விடமாட்டேன்."

மைக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பேசியது அருமையான பேச்சு. அவள் கதவோரம் நின்று கேட்டாள். ஒவ்வொரு வாக்கியமும் தன்னை நோக்கியே வருகிற மாதிரி இருந்தது. நடுவில் ஒரு தடவை வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி, இரு, ரெக்கார்டு ஆகிறது என்றார்.

அந்த வீடியோ காட்டுத்தீயாய்ப் பரவியது. போன் வாங்க இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். வாங்கினவர்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போனார்கள். மூன்றாவது கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கேமரா பிரிவில் இன்ஜினியராம். குரல் சின்னது. டவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க வீடியோவுல இருக்கற ஆட்டம் எங்களுக்கு எங்கேயுமே வரலை. வேற பீஸ் அனுப்பினா நீங்க நம்பமாட்டீங்க. அதனால ஞாயித்துக்கிழமை நானே உங்க தெருவுக்கு வர்றேன். நீங்க லைவ் போடுங்க. கை அக்கா ஒரு போன், நான் ஒரு போன். பக்கத்துல பக்கத்துல நடக்கறோம். தப்பு எங்க மேலன்னா அங்கேயே ஒத்துக்கறேன் சார்."

"தாராளமா வாங்கம்மா!" என்றார் டவர். போனை வைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பாவம், நல்ல பொண்ணு. எல்லார் முன்னாலயும் தோக்கப்போகுது."

அவளுடைய தம்பிதான் வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன். அன்று ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டு நட."

"எதுக்குடா?"

"போன் முதுகுல மோதிரம் டிக் டிக்குனு அடிக்குது. மூணு வீடியோவா அந்தச் சத்தத்தை நான்தான் எடுத்துட்டு இருக்கேன். சத்தத்தை எடுக்க சாப்ட்வேர் இருக்கு. மத்ததுக்கு?"

அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டைத் தொட்டிக்குள் மெதுவாக வைத்தாள். குழாயை மூடவில்லை.

"மாமா கிட்ட நான் சொல்லவா?"

"சொன்னே, கொன்னுடுவேன்."

"எந்தக் கையால?" என்று கேட்டுவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் குழாயை மூடினான்.

"நீயே சொல்லிடுக்கா. லைவ்ல தெரிஞ்சா மாமா தாங்கமாட்டார்."

அன்று முழுவதும் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் தோற்பது பெரிதில்லை. ஆயிரம் பேர் பார்க்க, அந்த இன்ஜினியர் பெண்ணின் படம் நேராக நிற்கும்; பக்கத்திலேயே தன்னுடையது ஆடும். அப்போது அவர் திரும்பிப் பார்ப்பார். எல்லோர் முன்னாலும், முதல்முறையாக, தன் கையைப் பார்ப்பார். அந்தப் பார்வையை யாருக்கும் காட்ட அவளுக்கு இஷ்டமில்லை.

சனிக்கிழமை காலையில் அந்த மூன்றாவது போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு முன்னால ஒரு ஒத்திகை. இன்னைக்கு நீங்க நடங்க."

"நானா? என் நடை யானை நடைடீ."

"பரவாயில்ல, போங்க."

போய்த் திரும்பி வந்து படத்தைத் திரையில் போட்டார். தெரு, தண்ணீரில் படகு போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. டவர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மறுபடி இறங்கிப் போனார். இந்தத் தடவை வேண்டுமென்றே தத்தக்கா பித்தக்கா என்று நடந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பி வந்து போட்டார். அதே வழுக்கல்.

"இது வேற பீஸா?"

"அதே போன்தான்."

"அப்ப நீ வேகமா நடந்திருப்பே. இல்ல, அன்னைக்குக் காத்து..."

அவள் சமையலறைக்குப் போனாள். டம்ளரை எடுத்து, விளிம்புவரை டீ ஊற்றினாள். நெடுநாள் கழித்து நிறைந்த டம்ளர். அதை வலதுகையில் எடுத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, அவரிடம் நீட்டினாள்.

வருகிற வழியெல்லாம் தரையில் சொட்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ விளிம்பைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்தது. மோதிரம் டம்ளரில் பட்டுச் சின்னதாகச் சத்தம் போட்டது.

டவர் எழுந்து டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தார். அவள் விரல்களைத் தன் சட்டைத் துணியால் ஒற்றினார்.

"சுட்டுடுச்சா?"

அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெகுநேரம் கழித்து, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"தெரியல. கத்தியை உங்ககிட்ட குடுக்க ஆரம்பிச்சேன்ல, அதுக்கும் முன்னால."

"ஏன்டீ சொல்லல? நான் என்ன வேத்து ஆளா?"

"உங்ககிட்ட சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க. டாக்டர்கிட்ட போனா அதுக்கு ஒரு பேர் வெப்பார். பேர் வெக்காத வரைக்கும் இது என் கைதானேன்னு இருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்புறம், என்னை எடுத்துட்டு ஒரு ஸ்டாண்டை வெச்சுடுவீங்கன்னு பயம்."

"ஸ்டாண்டா? ஸ்டாண்டு டீ போடுமா? ஸ்டாண்டு என்னைத் திட்டுமா?" டவரில் ஏறி, காற்றில் தொங்கிக்கொண்டு, எங்கோ இருக்கிற சிக்னல் குறைவைக் கண்டுபிடித்தவர். பக்கத்து நாற்காலியில் இருந்தது எட்டவில்லை. அரை டம்ளர் டீ, நூல், பூட்டு என்று ஒவ்வொன்றாக அவருக்குள் வந்து விழுந்துகொண்டிருப்பதை அவர் முகத்தில் அவள் பார்த்தாள்.

பிறகு இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டார். "அம்மா, நாளைக்கு வரவேண்டாம். உங்க போன்ல தப்பு இல்ல. என் சோதனையிலதான்... அது வந்து... ஒரு சின்ன..." டவர் இப்படித் தடுமாறி அவள் கேட்டதேயில்லை. போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தாம்மா அந்தக் கை பேசறேன். ஆடினது போன் இல்ல, நான்."

அந்தச் சின்னக் குரல் சொன்னது: "அக்கா, வீடியோ எப்ப வேணா போடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

ஆனால் அன்றே போட்டார்கள். டவர் முதலில் சொன்னது வேறு: "நான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிடறேன். உன்னை எதுக்கு இழுக்கணும்?"

"அதே தெரு, அதே கைன்னு சொல்லித்தானே நம்பவெச்சீங்க? தெரு அதேதான், கை மாறிடுச்சு. அதைச் சொல்லுங்க. மூணு கம்பெனிக்காரன் வயித்துல அடிச்சிருக்கோம்."

அவர் சொன்னார். ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை மேஜை மேல், விளக்கு வெளிச்சத்தில், அவள் வலதுகை கிடந்தது. அழுத்திக்கொள்ளாமல், ஒளித்துக்கொள்ளாமல், அதன் இஷ்டத்துக்கு.

அன்றிரவு, அதைப் போடுவதற்கு முன் தம்பி கூப்பிட்டான். "மாமா, மோதிரம் மேஜையில அடிக்கற சத்தம் நல்லாக் கேட்குது. எடுத்துடவா?"

டவர் அவளைப் பார்த்தார்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார்.

திங்கட்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். மருத்துவமனை, மருந்துக்கடையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் போனை எடுத்தாள்.

"இப்ப எதுக்கு அது?"

"கை சும்மா இருந்தா அதையே நினைச்சுட்டு வரும்."

படம் எடுக்கிற பொத்தானை அவள் அழுத்தினாள். அவர் தன் உள்ளங்கையை அவள் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்தார். பிடிக்கவில்லை, சும்மா ஏந்திக்கொண்டார். டிக், டிக் என்று மோதிரம் போன் முதுகில் பட்டுக்கொண்டே வந்தது.

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ போன்களோடு அவள் வந்து, இந்த முனையில் திரும்பிப் போவதைப் பார்த்துப் பழகியவர். இன்றும் திரும்பிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் அவருக்குத் தலையாட்டிவிட்டுக் கடந்தார்கள்.

கடைக்கு அப்பால் தெரு கொஞ்சம் வளைகிறது. அந்த வளைவு இதுவரை எந்த வீடியோவிலும் வந்ததில்லை. ஒரு நீலக் கேட், சுவர்மேல் உலரும் தலையணை, சைக்கிளைத் துடைக்கிற ஆள், எல்லாம் அவள் கையிலிருந்த சின்னத் திரைக்குள், லேசாக நடுங்கிக்கொண்டே, ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.