காற்று விழுந்த மூன்று மணி நேரம்

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம். ஹாலந்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார்கள். பாய் விரித்து ஓடும் சரக்குத் தோணிகளைத் தேடிப்போய்ப் பார்ப்பதற்கென்றே அவர்கள் ஊரில் ஒரு சங்கம் உண்டாம். விக்டர் தண்டல் ஓட்டும் தோணியில் மணப்பாடு வரை ஒரு பகல் போக வேண்டும் என்றார்கள். பிடித்துப்போனால் பின்னால் பதினாறு பேர் வரக் காத்திருக்கிறார்கள் என்று அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்சி சங்கரலிங்கம் மூச்சுவிடாமல் சொன்னார்.

ஆனால் தோணியில் கக்கூஸ் என்பது பின்பக்கம் கடலுக்கு மேல் தொங்கும் ஒரு பலகை. அதைப் பார்த்த துரைசாணி, சேலை பிடித்து மறைக்க ஒரு பெண் துணைக்கு வந்தால்தான் ஏறுவேன் என்றுவிட்டாள்.

"ஏன், நம்ம தண்டல் சம்சாரம் வரட்டுமே!" என்றார் சங்கரலிங்கம்.

விக்டரின் மனைவி ஞானசௌந்தரி அங்கேதான் நின்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக அவள் கரையில் நின்றே பார்த்தவள். பாய் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியானபின் அந்த மனுஷன் எங்கே உட்காருகிறார், எதில் தலைவைத்துப் படுக்கிறார் என்று ஒன்றும் தெரியாது. ஒருதரமாவது அவரோடு போய்ப் பார்க்க ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

தோணியில் மூத்த ஆளான கிருபை குறுக்கே விழுந்தார். "பொம்பள ஏறுனா தோணிக்கு ஆகாதுல்லா!"

"அப்ப துரைசாணி?" என்றாள் ஞானசௌந்தரி.

"அவ வெள்ளக்காரி. கணக்குல வரமாட்டா."

"பொம்பள கணக்குல வராதவளுக்கு எதுக்கு அண்ணே நான் சேல பிடிக்கணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். விக்டர் மட்டும் சிரிக்காமல் அவள் முகத்தையே பார்த்தார். அங்கே என்னத்தைக் கண்டாரோ, "வரட்டும்ணே" என்றார்.

விடியலில் கிளம்பினார்கள். துரைசாணி பலகை பக்கமே போகவில்லை. முயல் தீவு தாண்டுமுன் வாந்தி எடுத்துச் சுருண்டவள்தான். அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு நிமிர்ந்த ஞானசௌந்தரிக்கு ஒரு மயக்கமும் இல்லை.

பதினொரு மணிவாக்கில் காற்று விழுந்தது. பாய் துவண்டு தொங்கியது. துரைக்கு ஒரே கொண்டாட்டம், ஆடாமல் நிற்கும் தோணியில் ஒவ்வொரு கயிறாக அளந்து படம் வரைந்தார். கிருபைதான் பல்லைக் கடித்தார்.

"ஏளா சௌந்தரி, நீ வந்த ராசி. நீயே மாதாகிட்ட காத்து கேளு."

அவள் செபமாலையை எடுத்தாள். செய்ய வேலையில்லாத விக்டர் பாய் நிழலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பகல் வேளையில் அவர் இப்படிச் சும்மா பக்கத்தில் இருந்ததே இல்லை.

"இங்கனதான் படுப்பேன். அந்தக் கயித்துச் சுருள்தான் தலையணை."

"குத்தாதா?"

"பழகிட்டு."

கயிற்றுச் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "பயமா இருக்காதா உங்களுக்கு?"

"இருக்கும். ஐப்பசி கார்த்திகையில ரொம்ப இருக்கும்." அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பயந்தா உன் பேரச் சொல்லுவேன். கிருபை அண்ணன் மாதா பேரச் சொல்லுவாரு."

"நல்ல கிறிஸ்தவன்!" என்று அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். தான் கொண்டுவந்த புளிச்சோற்றை அவருக்கு எடுத்து வைத்தாள். மணிகள் விரலில் உருண்டன. மாதாவே, காத்தக் குடு. கொஞ்சம் பொறுத்துக் குடு.

இரண்டு மணிக்குக் காற்று வந்தது. பாய் புடைத்ததும் விக்டர் எழுந்து ஓடினார்.

"பாத்தியாளா, மாதா கேட்டுட்டா!" என்றார் கிருபை.

"ஆமாண்ணே" என்றாள் ஞானசௌந்தரி. தான் கேட்டதை மாதா முழுசாகவே கேட்டுவிட்டாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை.