மணி அடிக்காத கேஜ்

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்தில், மூங்கில் தட்டிக் குடிசைகள் வரிசையாக நிற்கும் தட்டி லைனில் பகலில் தூங்குகிறவர்கள் அதிகம். இரவு ஷிப்டு முடித்துச் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள், வெயில் ஏறுகிற நேரத்தில் பாயை விரிப்பார்கள். பக்கத்து மில்லில் கல் இடிக்கிற சத்தம் ஓயாது. அதற்கெல்லாம் யாரும் விழிப்பதில்லை. மில் நின்றுபோனால்தான் "இன்னா ஆச்சு?" என்று எழுந்து உட்காருவார்கள். அப்படிப்பட்ட லைனையே ஒரு மனிதனின் அலறல் எழுப்பிக்கொண்டிருந்தது. அவன் பெயர் முனியப்பன்.

அவன் கோழை இல்லை, கண்ணுங்களா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டைக் கேஜ் என்பார்கள். ஒருநாள் அவன் ஏறக் காத்திருந்தபோதே, கயிறு அறுந்து அந்தக் கேஜ் வெறுமையாகப் பாதாளத்துக்குப் போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றுமுதல் அவன் தூக்கத்தில் அது விழுந்துகொண்டே இருந்தது, உள்ளே அவனோடு.

அலறி அலறி, கடைசியில் அவன் தூங்கவே பயந்தான். பாயில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே பகலை ஓட்டினான்.

அவனோடு வேலை செய்கிறவன் ஏனோக். பாறையில் வெடிக்குத் துளை போடும்போது ஏனோக் உளியைப் பிடிப்பான், முனியப்பன் சம்மட்டியால் அடிப்பான். ஒருநாள் காலையில் ஏனோக் நேரே முனியப்பனின் மனைவி ரத்தினம்மாவிடம் வந்து நின்றான்.

"அக்கா, கூழ் இருந்தா ஊத்து. சண்டைய அப்பறம் போடலாம்."

"இன்னா சண்டைடா?"

"மாமா நேத்து சம்மட்டிய என் கையில எறக்கப் பாத்தாரு. கண்ணு சொருகிப்போச்சு அவருக்கு. இந்தக் கை போச்சுன்னா ஜூடித்தோட அப்பன் எனக்குப் பொண்ணு குடுப்பானா? குடுக்கிறேன்னு சொன்னதே பெருசு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை விட்டான்.

"மேஸ்திரி பாத்துட்டாருக்கா. இன்னொரு தபா ஆச்சுன்னா மாமா பேர வெட்டிடுவேன்னாரு. பேரு போனா போவுது. என் கையி, இல்ல அவரு உசுரு, எதுனா ஒண்ணு போயிடும்."

தாயத்து கட்டியாயிற்று. ஏனோக்கும் தன் பங்குக்கு ஜெபம் பண்ணியாயிற்று. தூக்கத்துக்குள் வருகிற ஒன்றைத் தூக்கத்துக்குள்ளேதான் போய்ப் பிடிக்க வேண்டும் என்று ரத்தினம்மாவுக்குத் தோன்றியது. எப்படிப் போவது?

அவளுக்குத் தன் கனவு ஒன்று நினைவுக்கு வந்தது. கைக்குழந்தை விடியலில் அழுது எழுப்பும். பால் கொடுத்துவிட்டு மறுபடி சாய்வாள். அந்தக் குட்டித் தூக்கத்தில் ஒருநாள், செத்துப்போன அவளுடைய கறுப்பு ஆடு குடிசைக்குள் வந்தது. "ஏ கருப்பி, நீதான் செத்துட்டியே! அப்ப இது கனவு" என்று கனவுக்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கனவுதானே என்று பக்கத்து வீட்டு முருங்கையை ஒடித்து ஆடு வயிறு முட்டத் தின்னும்வரை போட்டாள். யாரும் சண்டைக்கு வரவில்லை.

முழுத்தூக்கத்தில் அப்படித் தெரிவதே இல்லை. எழுந்து, கொஞ்சம் விழித்திருந்து, மறுபடி கண்ணயர்ந்தால்தான் தெரிகிறது. அவள் புருஷனையும் கவனித்தாள். காலையில் தன்னையும் மீறிக் கண்ணயர்ந்தால் மத்தியானச் சங்கு வரைக்கும் கட்டைபோலக் கிடக்கிறான். சங்கு ஊதியதும் புரண்டு படுக்கிறான். அலறல் அதற்குப் பிறகுதான்.

மறுநாள் சங்கு ஊதியதும் அவனைப் புரளவிடவில்லை. உட்காரவைத்துக் கூழைக் கையில் கொடுத்தாள்.

"இந்தாய்யா, கேஜ் எப்டி விழுது? சொல்லு."

"தூக்கத்துலதான் சாகடிக்குதுன்னா முழிச்சிக்கினும் அதையே பேசணுமா?"

"சொல்லுய்யா. ஏறி நிக்கிற. மணி அடிக்கிறாங்க..."

"மணி அடிச்சாத்தான் என்ஜின்காரன் கயிறு வுடுவான்."

"கனவுலயும் அடிக்குதா?"

முனியப்பன் வாய்க்குக் கொண்டுபோன கூழை இறக்கிவைத்தான். "இல்லமே. அடிக்கல. ஒரு நாளும் அடிக்கல."

"அப்ப மணி அடிக்காத கேஜ் பொய் கேஜ். அது விழட்டும், ஒனக்கு இன்னா?"

அதையே பாடம்போலச் சொல்லிக்கொண்டு படுக்கச் சொன்னாள்: 'கேஜ் நகரும். மணி கேக்குதான்னு பாப்பேன். கேக்கலன்னா கனவு.' முதல் நாள் எரிச்சலில் அவனுக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த நாள் கனவில் கேஜ் வரவில்லை, மணி மட்டும் வந்தது. சர்ச் மணி. ஏனோக்குக்குக் கல்யாணமாம்.

"பொண்ணு யாரு? ஜூடித்தா?"

"நீதான்மே."

மறுநாள் அவன் கூழில் உப்பு இல்லை.

"புருசனத் தூங்கவுடாம எழுப்பி எழுப்பியே கொன்னுடுவா போல" என்று அக்கம்பக்கம் பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சங்கு, கூழ், பாடம், பாய். ஒரு மத்தியானம் அவன் தூக்கத்தில் உதடு அசைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அலறல் வரவில்லை. முகத்தில் சிரிப்பு வந்தது.

"கேட்டுட்டேன்மே!" என்று எழுந்து உட்கார்ந்தான். "‘மணி எங்கடா?’ன்னு கேட்டேன். கேஜ் அப்டியே நின்னுபோச்சு, வண்டி மாடு நிக்கிற மாரி. வாசல் குறுக்குக் கம்பியத் தூக்கிட்டு வெளிய எறங்கிட்டேன். காத்துல நடந்தேன்!"

அதற்கப்புறம் அவன் ஆசையாகத் தூங்கினான். கேஜ் வந்தால் கம்பியைத் தூக்குவான், இறங்கி நடப்பான். சம்மட்டி உளியின் தலையை விட்டு விலகவில்லை. ஏனோக் ஜூடித் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போய்வந்தான்.

ரத்தினம்மாவும் இத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். நான் அவளை வியப்பது இந்த இடத்தில்தான். ஒரு வழி பலித்தால் நாம் அதையே கொண்டாடிக்கொண்டிருப்போம். அவளோ தன் வழியில் ஓட்டை எங்கே என்று தானே தேடினாள்.

"மணி மனுசன் அடிக்கிறதுதானே? நெசத்துல ஒருநாள் அடிக்காமப் போனா?"

"போவாதுமே."

"போனா? கனவுன்னு நெனச்சுக் கம்பியத் தூக்கிட்டு எறங்குவியே!"

அவன் சிரித்துவிட்டுப் போனான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு அடையாளம் வேண்டும், யாரும் மறக்க முடியாத அடையாளம், அவன் உடம்பிலேயே இருக்கிற அடையாளம். குழந்தை எழுப்பிய பிறகு வரும் குட்டித் தூக்கத்தில் தினமும் அதையே தேடிப் போனாள். ஒரு விடியலில் கனவில் லைனுக்குப் பின்னாலிருக்கும் சாக்கடை ஓரமாக நடந்தாள். நாற்றம் தாங்காமல் வாயை மூடி மூக்கை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே மூச்சு தாராளமாகப் போய் வந்தது! திடுக்கிட்டு விழித்தாள். வாயை மூடி மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். மூச்சு அடைத்தது.

அன்று அவன் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "கம்பியில கைய வெக்கிறதுக்கு முன்ன வாய மூடி மூக்கப் பிடி. மூச்சு வந்தா கனவு, எறங்கு. அடச்சா நெசம், அசையாத."

"அத்தினி பேரு நடுவுல மூக்கப் பிடிச்சா இன்னா நெனப்பானுங்க?"

"இன்னாவோ நெனச்சுக்கட்டும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு படுத்தான்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம். ஷிப்டுக்கு ஆட்கள் கேஜில் நெருக்கியடித்து ஏறினார்கள். மணியின் கயிறு அறுந்துபோயிருந்தது. மேலே நின்றவர் என்ஜின்காரருக்குக் கையை ஆட்டிச் சைகை காட்டினார். நடுவில் மாட்டிக்கொண்ட முனியப்பனுக்கு அது தெரியவில்லை. கேஜ் நகர்ந்தது. மணி கேட்கவில்லை.

அவன் முகத்தில் சிரிப்பு பரவியதை ஏனோக் பார்த்தான். முனியப்பன் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். ஒரு கை கம்பியைத் தூக்கத் தொடங்கியது. ஒரு கால் நகர்ந்தது. வாய் தானாக மூடியது, பழக்கமாகிப்போன இன்னொரு கை மூக்கைப் பிடித்தது.

மூச்சு அடைத்தது.

கம்பி தடாலென்று கீழே விழுந்து பொருந்தியது. முனியப்பன் ஏனோக்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். ஏனோக் அவன் மூக்கைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான்.

"எவன்டா அது? ஏறின ஒடனேவா?"

"நான் இல்ல!"

"நானும் இல்லப்பா!"

அடித்தளம் வரை அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள்.

காலையில் ஏனோக் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். முனியப்பன் சிரிக்கவில்லை. ஏனோக் போனபிறகு, நடந்ததை முழுவதும் மெதுவாகச் சொன்னான். கம்பியைத் தூக்கியதை, காலை எடுத்ததை, மூச்சு அடைத்ததை.

ரத்தினம்மா அப்படியே சுவரில் சாய்ந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஈரத் துண்டு, கல் தூசி படிந்த மீசை, எல்லாம் எதிரே முழுசாக இருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு மூக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னாமே பண்ற?"

மூச்சு அடைத்தது. கண்ணில் நீர் முட்டும்வரை அடைத்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, நெஞ்சு நிறைய இழுத்து மூச்சு விட்டாள்.

"ஒண்ணுமில்ல. கூழ் ஆறிப்போவுது, குந்து" என்றாள்.