பாட்டுப் பெட்டியின் முகத்தில் ஒரு பெயர்

1.

இந்தக் கதை ஒரு பாட்டுப் பெட்டி பழுதானதால் பிறந்தது. எழுத்தாளர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் கதை பிறந்ததற்கு மழையையும் கனவையும் காரணம் காட்டுவார்கள். நான் மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன். காரணம் கேட்டால் காரணத்தைத்தான் சொல்லுவேன்.

பள்ளிமுனையில் எங்கள் தெரு முடியும் இடத்தில் அந்தோனியார் கெபி இருக்கிறது. (கெபி என்றால் சுரூபம் வைப்பதற்குத் தெருவோரத்தில் கட்டிய சின்னக் கூடு. ஒருமுறைதான் விளக்குவேன்.) அதற்குள் காலையும் மாலையும் பாட்டுப் போடுகிற கைப்பெட்டி ஒன்று இருந்தது. பென்டிரைவ் செருகுவது, சார்ஜ் ஏற்றுவது, கைப்பிடியில் பிடித்துத் தூக்குவது. எங்கள் அப்பாவின் ஞாபகார்த்தமாக நாங்கள் கொடுத்தது. அதன் நெற்றியில் அப்பாவின் பெயர் இருந்தது. உப்புக்காற்றில் அது செத்துப்போயிற்று.

நான் புதிதாக ஒன்றை வைக்காவிட்டால் பின்வீட்டு மில்ரன் வைப்பான். அவன் வைத்தால் அவன் தகப்பனின் பெயர் வரும். கதையிலுள்ள பிரச்சினை இவ்வளவுதான். இதைவிடப் பெரிய பிரச்சினை வேண்டுமென்பவர்கள் பத்திரிகை வாங்கிப் படிக்கலாம்.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"நறுவிலிக்குளத்தில் சின்னராசா என்றொரு பெரியவர் இருந்தார். அவருடைய தகப்பன் பெரிய சம்மாட்டி. கரைவலைக்குச் சொந்தக்காரரான அவர்—"

நிறுத்திவிட்டேன். குடும்பத்தின் பெயர் வெளியே வராமலிருக்க ஊரை மாற்றினேன். ஆனால் நறுவிலிக்குளத்தில் சம்மாட்டி எங்கிருந்து வருவார்? கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலுக்குள் கரைவலை இழுப்பாரா?

இரண்டாவது தொடக்கம்:

"பள்ளிமுனைக் கடலின் அலைகள் மெல்ல மெல்ல—"

பள்ளிமுனையில் அலை மெல்லவும் வராது, பலமாகவும் வராது. சேறும் கண்டல் மரமும்தான். கதைக்காகக் கடலைத் திருத்துவது என் வேலையல்ல.

இந்த இரண்டு தாளையும் என் மனைவி அருள்நாயகி வாசித்தாள். விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அவள் விறாந்தைக் கதிரையைவிட்டுத் தூரம் போவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. கெபியில் காலைப் பாட்டுத் தொடங்கினால் செபமாலையைக் கையில் எடுப்பாள். மாலைப் பாட்டு முடிந்தால் வைப்பாள். பெட்டி செத்த நாளிலிருந்து அவளுக்கு எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்று தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ, ஆர் இந்தச் சின்னராசா?"

"கதையில வாற ஆள்."

"அவருக்கும் பெஞ்சனோ?"

"ஓம்."

"அவற்ற மனுசிக்கும் நடக்க ஏலாதோ?"

நான் தாளைத் திருப்பி வாங்கினேன்.

"அப்ப எங்கட பேரையே போடுங்கோவன். வாசிக்கிற சனத்துக்குத் தெரியாமலே போகப்போகுது?"

சின்னராசாவை அன்றே அனுப்பிவிட்டேன். அவரால் எனக்கு ஒரு நன்மையும் இருக்கவில்லை.

3.

பெட்டி வாங்கப் பெஞ்சனில் மிஞ்சியதைக் கொண்டு பஜாருக்குப் போனேன். மருந்துக்கும் கறண்டுக்கும் போக மிஞ்சியது எவ்வளவு என்று எழுதமாட்டேன். அது கதைக்குத் தேவையில்லை, உங்களுக்கும் தேவையில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் கேட்டிருக்கலாமே என்று ஒரு வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது. கேட்கலாம். அனுப்புவான். பிறகு அது அவன் கொடுத்த பெட்டி. மில்ரனும் பிரான்சிலுள்ள தமையனின் காசில்தான் துள்ளுகிறான். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் இருக்கும்?

சனூனின் கடையில் கைபேசியும் பாட்டுப் பெட்டியும் விற்பார்கள். சனூன் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். முதலாவது அரிசி மூட்டையளவு. பாட்டுப் போட்டால் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் சுற்றும். அந்தோனியாரை நடுவில் வைத்து வெளிச்சம் சுற்றவிடுவது மில்ரனுக்குப் பிடிக்கலாம். இரண்டாவது நல்ல கம்பனிச் சாமான். விலையைக் கேட்டதும் அதன் நன்மைகளில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. மூன்றாவது செங்கல்லளவு, விலையும் சரி, சத்தமும் கணீரென்றது. ஆனால் முகமெல்லாம் துணி.

"இதில பேர் எங்க எழுதுறது?"

"பேரோ?" சனூன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர், இது பாட்டுக் கேக்கிற சாமான். கல்லறையில வைக்கிறதில்ல."

நான் சட்டைப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தேன். நான்காவதாக ஒரு பெட்டி மேல்தட்டில் இருந்தது. நீளமானது. முன்பக்கம் முழுவதும் பொட்டுப் பொட்டாகத் துளையிட்ட தகடு, ஒரு பலகையைப்போல. அளந்தேன். அப்பாவின் பெயர் ஒரு எழுத்துக் குறையாமல் கொள்ளும்.

"சத்தம் கேட்டுப் பாக்கல்லயா?"

"எல்லாப் பெட்டியும் பாடத்தானே செய்யும்."

"இந்தக் கடை துறந்த நாளில இருந்து," என்றார் சனூன், பெட்டியைத் துடைத்தபடி, "பாட்டுப் பெட்டிய அடிமட்டம் வச்சு வாங்கின ஆள் நீங்க ஒராள்தான் சேர்."

அவர் அதைப் பகிடியாகச் சொன்னார். நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.*

* எங்கள் கோயிலிலுள்ள குழல்விளக்கு ஒவ்வொன்றிலும், நுனியிலிருந்து நுனிவரை, கொடுத்தவரின் பெயர் கறுப்பு எழுத்தில் இருக்கிறது. வெளிச்சம் காணாதென்று இன்றுவரை ஒருவரும் முறைப்பட்டதில்லை. சிரிப்பவர்கள் முதலில் ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கட்டும்.

4.

பெயர் எழுதியவன் சுகந்தன். கரையில் வள்ளங்களுக்குப் பெயரும் இலக்கமும் எழுதுகிறவன். எழுதவேண்டியதை நான் தாளில் எழுதிக் கொடுத்தேன்:

அன்பளிப்பு
அமரர் சந்தாம்பிள்ளை சூசைப்பிள்ளை சம்மாட்டி
ஞாபகார்த்தமாக
குடும்பத்தினர்

"முதல்ல முகம் முழுக்க வெள்ளை அடிக்கோணும் ஐயா. அப்பதான் நீல எழுத்து எடுப்பாத் தெரியும்."

"அடியும்."

"எத்தினை தரம்?"

"வள்ளத்துக்கு எத்தினை தரம் அடிக்கிறனீர்?"

"மூண்டு."

"அப்ப மூண்டு அடியும். எங்கட அப்பா வள்ளத்துக்குக் குறைஞ்சவரோ?"

கடல் தண்ணீர் கழுவினாலும் போகாத பெயின்றை அவன் மூன்று தரம் அடித்தான். இந்த இடத்தில் கெட்டிக்கார வாசகருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். விளங்கியதைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அப்போது விளங்கவில்லை என்று எழுதினால் என் குடும்பத்தைக் குறைத்ததாகும். விளங்கியது என்று எழுதினால் பொய்யாகும். ஆகவே அந்த வசனத்தை

விட்டுவிட்டேன்.

பெயின்ற் காய்ந்துகொண்டிருக்கும்போது அருள்நாயகி கேட்டாள்:

"பின்பக்கத்தில எழுதியிருந்தால் என்ன? பின்பக்கம் சும்மா மொட்டையாத்தானே கிடக்கு."

"பின்பக்கம் அந்தோனியாரைப் பாத்துக்கொண்டு இருக்கும். தெருவுக்குத் தெரியாது."

"அவர் வாசிக்கட்டுமன். அவருக்கெண்டுதானே குடுக்கிறீங்கள்?"

இந்த உரையாடலை வெட்டிவிடவே நினைத்தேன். அருள்நாயகி என்ற பாத்திரம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே திருப்தியில்லை. மூன்றாவது பிரதியில் அவளை ஊமையாக்கிப் பார்த்தேன். கதையில் மிஞ்சியது நானும் ஒரு பெட்டியும்தான். எனவே திரும்பவும் பேசவிட்டிருக்கிறேன். அது அவள் சொன்னது சரி என்பதற்காக அல்ல.

(கெபிச் சுவரில் எழுதலாமே என்று கேட்கவேண்டாம். முன்பொருமுறை சுவரில் யாருடைய பெயர் மேலே என்று இரண்டு குடும்பம் அடிபட்டதிலிருந்து, கொடுத்த பொருளில் மட்டும்தான் பெயர் என்று பங்குச் சுவாமி முடிவுகட்டிவிட்டார். சுவாமியை இந்தக் கதைக்குள் இழுக்கமாட்டேன்.)

5.

அந்தோனியாரின் நவநாள், அதாவது ஒன்பது நாள் வழிபாடு, நாளைக் காலை தொடங்குகிறது; இது நேற்று நடந்தது.

பெட்டியைக் கெபிக்குக் கொண்டுபோய்ச் சுரூபத்தின் காலடியில் வைத்தேன். வெள்ளை முகத்தில் நீல எழுத்து வெயிலில் மின்னியது. இருபது யார் தள்ளி நின்றும் வாசிக்கலாம். பாட்டுக் கேட்டதும் கையைத் தூக்கும்படி அருள்நாயகியிடம் சொல்லியிருந்தேன். எங்கள் விறாந்தை கெபிக்கு நேரே தெரியும்.

அழுத்தினேன். பாட்டு வந்தது. தலையணைக்குள் வாயை வைத்து யாரோ பாடுவதுபோல வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். தலையணை அதிர்ந்தது. கடைசிவரை கூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். விறாந்தையில் அருள்நாயகி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை எழும்பவில்லை.

மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. மில்ரன். இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றினான்.

"என்ன அண்ணை, அந்தோனியாருக்கு மூக்கடைச்சுத் தடிமனோ?"

நான் பாட்டை நிறுத்தினேன்.

"பேர் வடிவாத்தான் இருக்கு," என்றான். "தகட்டு ஓட்டையெல்லாம் பெயின்ற் குடிச்சுப்போட்டுது. எங்கட பெட்டி வீட்டில சும்மா கிடக்குது. கோயில் மூப்பரும் சொன்னவர், நவநாளுக்குத் தெரு முழுக்கக் கேக்கவேணுமாம். கேக்காட்டி தொடங்குற அண்டு காலமை நான் கொண்டுவந்து வைக்கிறன். கோவிக்கக்கூடாது."

"நீர் போம்."

"போறன். தேசிக்காய் அவிச்சுக் குடுங்கோ, தடிமனுக்கு நல்லது."

அவனுடைய தகப்பன் எங்கள் அப்பாவின் வலையில் கயிறு இழுத்தவர். இதைக் கதையில் சேர்ப்பது அநாகரிகம் என்பதால் சேர்க்கவில்லை.

ஆக, நிலைமை இதுதான். பெயர் இருந்தால் சத்தமில்லை. சத்தமில்லாவிட்டால் பெட்டிக்கு இடமில்லை. பெட்டிக்கு இடமில்லாவிட்டால் பெயருமில்லை. பெயரைச் சுரண்டினால் பெட்டி இருக்கும், பாட்டுக் கேட்கும், கொடுத்தவர் யாரென்று தெருவுக்குத் தெரியாது. வேறு பெட்டி வாங்கப் பெஞ்சன் காணாது.

6.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) பெரியவர் தன் கையாலேயே பெயரைச் சுரண்டுகிறார். பாட்டு தெருவெல்லாம் நிறைகிறது. மில்ரன் கண்ணீரோடு வந்து கையைப் பிடிக்கிறான். — இதைப் பரிசு கொடுக்கிற சஞ்சிகைகள் விரும்பும். எங்கள் அப்பா யாரோ பரிசு வாங்குவதற்காக அழிக்கப்பட வேண்டியவரல்ல. மில்ரனின் கண்ணீரையும் நான் நம்பவில்லை.

(ஆ) மில்ரனின் பெட்டி முதல் நாளே மழையில் நனைந்து, பூசை நடுவில் டப்பாங்குத்துப் பாட்டைப் போடுகிறது. — நேர்மையான முடிவல்ல. எழுதும்போது சந்தோசமாக இருந்தது.

(இ) அப்பா கனவில் வந்து, "மகனே, பெயரில் என்ன இருக்கிறது" என்று— எங்கள் அப்பா அப்படிப் பேசமாட்டார். உயிரோடிருந்தபோதே அவர் ஒருவருக்கும் விளக்கம் சொன்னதில்லை. பெயரில் என்ன இருக்கிறதென்று அவரைக் கேட்டவர்களுக்குக் கரையில் பங்கும் கிடைத்ததில்லை.

7.

இன்று மத்தியானம் நான் கண்ணயர்ந்து எழும்பியபோது, நேற்றுக் கெபியிலிருந்து கொண்டுவந்து வைத்த பெட்டியை மேசையில் காணவில்லை. விறாந்தையில், அருள்நாயகியின் மடியில் இருந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, தையலூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்திக்கொண்டிருந்தாள். மடியெல்லாம் பெயின்ற் பொருக்கு.

"என்ன செய்யிறீர்?"

"கத்தாதேங்கோ. உங்கட அப்பாவில நான் கை வைக்கேல்லை. மாமா எனக்கும் மாமாதான்."

குனிந்து பார்த்தேன். கடைசி வரி போயிருந்தது. 'குடும்பத்தினர்' இருந்த இடத்தில் துளைகள் திறந்து, உள்ளே கறுப்புத் தெரிந்தது. அதாவது, முதலில் என்னைத்தான் குத்தியிருக்கிறாள்.

"அந்தச் சொல்லில என்ன பிழை?"

"பிழையெண்டு நான் சொன்னனானே? நாங்கள் இன்னும் இருக்கிறம்தானே. இருக்கிற ஆக்களுக்கு எதுக்கு எழுத்து? தெருவால போறவை படலையைத் திறந்துகொண்டு வந்து பாக்கட்டும்."

'அன்பளிப்பு' என்ற சொல்லிலும் பாதி போயிருந்தது. மீதியை அவள் குத்தி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். தடுக்கவில்லை. உதவவுமில்லை.

பிறகு பெட்டியைத் திரும்பவும் கெபிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தெரு பார்த்தது. பார்க்கட்டும். அழுத்தினேன். தலையணை கொஞ்சம் விலகியது. பாட்டின் சொற்கள் சில வெளியே வந்தன, சில வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அருள்நாயகியின் வலக்கை மடியிலிருந்து எழும்பி, நெஞ்சளவில் நின்று, இறங்கியது.

அது பாட்டுக் கேட்டதாலா, முகத்தில் மொய்த்த இலையானை விரட்டவா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து நான் கேட்கவில்லை. ஆனால் செபமாலை அவள் கையில் இருந்தது.

8.

இத்துடன் எழுதுவதை நிறுத்துகிறேன். முடிவு எழுதித் தருவது என் பொறுப்பல்ல. காலையில் மில்ரன் வருவான், பெட்டியோடு. தெரு முழுக்கக் கேட்கவேண்டும் என்றால் இன்னும் துளைகள் திறக்கவேண்டும். மிஞ்சியிருப்பவை ஐந்து சொல். எல்லாம் அப்பாவுடையவை.

இவ்வளவு தூரம் இலவசமாக வாசித்துவிட்டீர்கள். ஊசி விறாந்தைக் கதிரையின் கைப்பிடியில் குத்தியிருக்கிறது. நீங்களே குத்துங்கள். ஆனால் யோசித்துக் குத்தவும். 'ஞாபகார்த்தமாக' என்பதை எடுத்தால், நாங்கள் அவரை மறந்துவிட்டோம் என்று ஊர் சொல்லும். 'சந்தாம்பிள்ளை' அப்பாவின் தகப்பன், என் பேரனார். அவரை எடுத்தால் அப்பா தகப்பன் பெயர் இல்லாதவராவார். சூசைப்பிள்ளையை எடுத்தால் மற்ற எதுவும் எதற்கு? 'அமரர்' என்பதை எடுத்தால் அவர் உயிரோடிருப்பவராகிவிடுவார். அதை எடுப்பவரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

'சம்மாட்டி' என்ற சொல்லில் கைவைக்க நினைப்பவர் மட்டும், முதலில் படலையடியில் நின்று தான் யாருடைய மகன், யாருடைய மகள் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும். அருள்நாயகிக்குக் கேட்கவேண்டும்.