தெருமுனை வரை

புருஷன் இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்த பிறகு அந்த வீட்டை ஈ, காக்கைகூட எட்டிப் பார்ப்பதில்லை. புருஷன் மேல் கோர்ட்டுக்குப் போனவளோடு பழகினால் தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் புத்தி கெட்டுவிடும் என்று அக்கம்பக்கத்துக்குப் பயம். நல்ல பயம்தான், போங்கள்.

பேக்கரியில் ரொட்டி வெட்டிக் கட்டுகிற வேலை முடிந்து தனியே வருவாள், தனியே சாப்பிடுவாள். புருஷன் முறுக்கிய சுண்டுவிரல் இன்னும் மடங்குவதில்லை. ஆனால் பைக் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் ஒடுங்குவது நின்றுபோயிற்று.

வாராவாரம் வருகிற ஒரே ஆள் நாத்தனார். சொந்த அண்ணனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவள். அவள் வருகிற அன்று மட்டும்தான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

இந்த வாரம் டீயைத் தொடாமலே நாத்தனார் ஆரம்பித்தாள். "அண்ணி, அண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாரு."

"சொல்லாதம்மா. ஆள் விட்டுப் பேசக்கூடாதுன்னும் உத்தரவுல இருக்கு."

"நான் என்ன ஊரான் வீட்டு ஆளா? ரொம்ப இளைச்சுட்டாரு அண்ணி."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அண்ணன் இளைத்தால் தங்கைக்குப் பொறுக்குமா? இவளுக்கே மனசு இளகியது. 'இளைச்சுட்டாரு' என்ற அந்த ஒரு வார்த்தையில் கரைந்துதான் முன்பெல்லாம் அவனிடம் திரும்பிப் போனாள். சுண்டுவிரல் போனதும் அப்படித் திரும்பிப் போன ஒரு தடவைதான்.

"நீ எப்பவும் வா. அவர் பேச்சு மட்டும் வேண்டாம்."

"அப்ப நான் எதுக்கு வரணும்?" நாத்தனார் எழுந்து போய்விட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். தெருமுனையில் அவன் பைக்கோடு காத்திருந்தான். கதவை உதைத்தே திறந்து பழகிய கால், முனையைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. நாத்தனார் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆறிய டீயைத் தானே குடித்தாள். அழுகை வந்தது, அழுதாள். உத்தரவை மீறினால் உடனே சொல்ல வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு போன் செய்தாள்.

"யார் மூலமா சொல்லி அனுப்பினாரு?"

எனக்கென்று இருந்த ஒரே ஆள் மூலமாக என்று நாக்கு நுனிவரை வந்தது.

"நாத்தனார் மூலமா, மேடம்" என்றாள்.