பத்து வருடமாக ஒரு விதை

வந்திருந்தவர்களையும் அவரவர் உட்கார்ந்த இடத்தையும் முதலில் எழுதிவிடுகிறேன்.

மேடையில் ஐந்து பேர். நடுவில் நாடாளுமன்றக் குழுவின் தலைவர், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு உறுப்பினர்கள். தலைவரின் இடது தோளை ஒட்டி, மொழிபெயர்க்க வந்த பெண். மேடைக்குக் கீழே வலப்பக்கம் அதிகாரிகள். முதல் வரிசை சோபாவில் சோலார் கம்பெனிக்காரர்கள் நாலு பேர். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டிருந்ததால் பெயர் தெரியவில்லை. அவர்களுக்கு நேர் பின்னால் எங்கள் ஊர் தர்மராஜ் அண்ணன். மூன்றாம் வரிசையில் இருளம்மாள் மதினியும் நானும். எங்களுக்குப் பின்னால் ராமேஸ்வரம் தீவிலிருந்து வந்த கடல்காரர்கள் எட்டுப் பேர், அவர்களில் அக்காள்மடம் எட்வர்ட் ஒருவர். எங்கள் ஊர் வி.ஏ.ஓ. உட்காரவில்லை, தூணோரம் நின்றார்.

இடம், சாயல்குடியில் ஒரு கல்யாண மண்டபம். நாள், புரட்டாசி எட்டு, புதன்கிழமை. தர்மராஜ் அண்ணன் இரண்டு தடவை எழுந்து முன் சோபாக்காரரின் காதில் என்னவோ சொன்னார். அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

குழு விசாரிக்க வந்த மசோதா இன்னும் சட்டமாகவில்லை. பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப நிலத்தைப் பயன்படுத்துவது பற்றியது. அதில் எங்களைத் தொடுவது பதினாலாம் பிரிவு. தொடர்ந்து ஐந்து வருடம் விதைக்காமல் கிடக்கும் நிலத்தை அரசு ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்து, சோலார் தகடு போடவோ காடு வளர்க்கவோ முப்பது வருடத்துக்குக் கொடுக்கலாம். பட்டா நம் பேரிலேயே இருக்கும், உள்ளே கால் வைக்கத்தான் முடியாது. இந்தப் பிரிவு சரிதானா என்று ஜனங்களிடம் கேட்கவே குழு வந்திருந்தது. முதல் கட்டமாக அடையாளம் கண்ட நிலங்கள் என்று ஒரு பட்டியலும் கொண்டுவந்திருந்தார்கள். மதினியின் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் அதில் இருந்தது. அவருக்கு வேறு நிலம் கிடையாது.

மைக் கைக்கு வந்ததும் மதினி, வருசம் தவறாமல் குதிரைவாலி விதைப்பதாகச் சொன்னார். "இந்தா, இப்பவும் உழுதுபோட்டுட்டுத்தான் வந்திருக்கேன். மழை வரலைன்னா நான் எந்த ஆபீஸுல போயி கேக்குறது?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். அந்தப் பெண் மொழிபெயர்த்தார்: "உங்க ஊர்க்காரங்களே எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா. பத்து வருசமா ஒரு விதைகூடப் போடலைன்னு. உங்க கையெழுத்தும் இருக்கு."

மதினி உட்கார்ந்துவிட்டார். மறுப்பு இருந்தால் பதினைந்து நாளுக்குள் ஆதாரத்தோடு டெல்லிக்கு வந்து சேரவேண்டும் என்று சொல்லி அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே டீக்கடையில் மதினி முதலில் வி.ஏ.ஓ.வைச் சந்தேகப்பட்டார். எனக்கு தர்மராஜ் அண்ணன்மேல்தான் சந்தேகம். மதினி நிலத்துக்கு மூன்று பக்கமும் அவருடையது, அத்தனையையும் சோலாருக்குக் கொடுக்கப் பேசி வைத்திருக்கிறார், நடுவில் இது ஒன்றுதான் இடைஞ்சல். இன்னொன்றும் இருந்தது, அதை மதினியிடம் சொல்லவில்லை. ஆடி மாதம் அவர், மனுவும் எழுதிக்கொடுக்கிற என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, "பழைய மனு நகலெல்லாம் வச்சிருக்கியா தங்கச்சி" என்று கேட்டார். எதற்கு என்றேன். சும்மாதான் என்று போய்விட்டார். சும்மா கேட்கிற ஆள் அவர் இல்லை.

தலைவர் புரட்டிய இணைப்புப் புத்தகம் எட்வர்டிடமும் ஒன்று இருந்தது. கடற்கரையை அளக்கும் பிரிவை எதிர்த்து அவர்கள் சங்கம் எழுதிய கடிதமும் அதில் வந்திருந்ததால் ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "பாத்துக்கங்கக்கா. எங்க கடிதத்துல ரெண்டு பக்கத்தக் காணோம். உங்களுதுல எதுவும் விட்டுப்போகல, அதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்றார்.

கடைக்கு வந்து சேருவதற்குள் படங்கள் வந்துவிட்டன. ஆறு மனு. ஆறும் நான் எழுதியவை.

எங்கள் கண்மாயைத் தூர்வாரச் சொல்லி வருசா வருசம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தவை. சாதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது மனு எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். நெல் போடமுடியவில்லை என்பதை விதையே போடவில்லை என்று எழுதினேன். முதல் மனுவில் ஐந்து வருடம். அடுத்த வருசம் பழைய நகலை எடுத்துவைத்து, தேதியை மாற்றி, ஐந்தை ஆறாக்கினேன். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது. ஒழுங்காகக் கூட்டிக்கொண்டே வந்து இந்த வருசம் பத்து. கீழே முப்பத்தொரு கையெழுத்து, முதல் கையெழுத்து மதினியுடையது.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். மதினி உழுதுபோட்ட தன் புழுதிக் காட்டில் விதைப்பெட்டியோடு நின்றார்.

"பத்து வருசம்னு எழுதுறப்ப எங்கிட்டக் கேட்டியா?"

"கேக்கல மதினி."

"நானும் வாசிக்கச் சொல்லல. கண்மாய்க்குன்ன, கையெழுத்துப் போட்டேன்." விதைப்பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "தர்மராசு ஆடியில ஒன் கடைக்கு வந்துட்டுப் போனானாமே. எதுக்கு வந்தான்?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். விதையைத் தூவிக்கொண்டு போனார்.

மறுநாள் கடையைத் திறந்து, பேர்வாரியாக வைத்திருக்கும் கட்டுகளில் மதினியின் கட்டைப் பிரித்தேன். முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டை, மின் கம்பம். அடியில் ஒரு போலீஸ் மனு கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் கார்த்திகையில், தர்மராஜ் அண்ணனின் ஆடுகள் மதினியின் குதிரைவாலிப் பயிரை மேய்ந்துவிட்டதாக நான் எழுதிக் கொடுத்தது. ஸ்டேஷனில் போட்டுக்கொடுத்த ரசீது கூடவே குத்தியிருந்தது. அதன் பின்னால் சமாதானக் கடிதம். 'என் ஆடுகள் முழங்கால் உயரப் பயிரை மேய்ந்தது உண்மை, இனிமேல் கட்டிப்போட்டு மேய்ப்பேன்.' கீழே தர்மராஜ் என்று முழுக் கையெழுத்து, பக்கத்தில் ஏட்டையாவின் கையெழுத்து. புல எண்ணும் தெளிவாக இருந்தது.

ஐந்து வருடம் தொடர்ந்து விதைக்காத நிலத்தில் முழங்கால் உயரப் பயிர் இருக்கமுடியாது. ஆடியில் அவர் எதைத் தேடி வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் அதை மட்டும் அனுப்பினால் போதாது. அந்த ஆறு மனுவும் இந்தப் போலீஸ் மனுவும் ஒரே ஆள் எழுதியது. எது பொய் என்று கேட்பார்கள். எழுதியவளே சொன்னால்தான் உண்டு.

சனிக்கிழமை தர்மராஜ் அண்ணன் வந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை, மதினியும் சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் வந்தார். பேப்பர் அடுக்கின்மேல் சாவிக்கொத்தை வைத்து, ஊர் மானம் பற்றிப் பொதுவாகப் பேசினார். கண்மாய் வேலைக்கு இப்போதுதான் ஃபைல் நகர்கிறதாம், மனுவே பொய் என்று தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம், முப்பத்தொரு பேரும் என் கடைக்கு முன்னால் வந்து நிற்பார்களாம்.

"அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னு நீயே எழுதிக் குடுப்பியா தங்கச்சி? நாளைக்கு ஒரு பய ஒங்கிட்ட மனு எழுத வருவானா?"

"வரமாட்டாகதான் அண்ணே."

"பெறகு?"

"ஆடு வளக்குறதெல்லாம் விட்டுட்டீகளா?" என்று கேட்டேன்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புத்தகத்தில் அந்த மனுக்களைச் சேர்த்தது அவரா, ஆபீஸில் யாரோ தானாக எடுத்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கடிதத்தில் அதை எழுதவில்லை. இல்லாததை எழுதித்தான் இவ்வளவும் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் எழுதி முடித்தேன். மறுநாள் ஆயுதபூசை, அதற்கடுத்த நாளும் தபாலாபீஸ் லீவு. இரண்டு பக்கம், ஆறு பத்தி. நான்காவது இது: 'மேற்படி ஆறு மனுக்களிலும் விதைக்கவில்லை என்று எழுதியது நான். கையெழுத்திட்டவர்கள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்மாய் மேடாகிக் கிடப்பது உண்மை. நெல் இல்லை என்பது உண்மை. விதை இல்லை என்பது பொய்.'

மதினி தபாலாபீஸ் வாசலுக்கு வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. கடிதத்தை முழுசாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான்காவது பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு இணைப்புகளைத் தன் கையால் எண்ணினார்: போலீஸ் மனு ஒன்று, ரசீது ஒன்று, சமாதானக் கடிதம் ஒன்று, அன்று விதைத்த காட்டின் போட்டோ இரண்டு.

"ஒட்டு," என்றார். "எங்கண்ணு முன்னாடி ஒட்டு."

பசை தடவி மடக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அனுப்புநர் இடத்தில் யார் பேர் என்று கவுண்டரில் கேட்டார்கள். பூமயில், ஜெராக்ஸ் கடை, சாயல்குடி என்று எழுதினேன். விரைவுத்தபால் முத்திரை விழுந்து, உறை உள்ளே பைக்குள் போகிறவரைக்கும் மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரசீதை நான் கேட்கவில்லை. அவர்தான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.